தவுட் கட்டிய தெருக்களில்: பெர்லின் நாட்குறிப்பு

அக்டோபர் 10, 2024, வியாழன். வெடிங்

ஒரு கூட்டுறவு வீட்டுச் சங்கம் எங்கள் அலுவலகத்துக்கு வேலை கொடுத்திருக்கிறது. நாற்பது வீடுகள். மனை ஒடுக்கம், கையிருப்புப் பணம் அதைவிட ஒடுக்கம். முதல் கூட்டத்திலேயே சங்கத்தின் வடிவமைப்புக் குழு ஒரு வான்படத்தை மேசையில் வைத்து, "எங்களுக்கு இந்த மாதிரி வேண்டும்" என்றது. பெர்லினில் ப்ரிட்ஸ் பகுதியில் இருக்கும் லாட வடிவக் குடியிருப்பு அது. கட்டடக் கலைஞர்கள் புரூனோ தவுட்டும் மார்ட்டின் வாக்னரும் 1925இல் கட்டத் தொடங்கியது. ஜெர்மனியில் கட்டடக் கலை படித்தவர்கள் எல்லாரும் தேர்வுக்காக ஒருமுறையாவது வரைந்திருப்போம். நேரில் நின்று பார்த்தவர் எங்கள் அலுவலகத்தில் யாருமில்லை. போய்ப் பார்த்துவிட்டு வந்து கோடு போடு என்று என்னை அனுப்பிவிட்டார்கள்.

காலை ரயில் ரத்து. அடுத்ததில் உட்கார இடமில்லை. பெட்டிகள் வைக்கும் தட்டுக்குக் கீழே, கழிப்பறைக்கு எதிரே, பையின் மேல் உட்கார்ந்து வந்தேன். மதியம் வந்திருக்க வேண்டியவள், ஊரில் கால் வைத்தபோது மணி நாலரை. மூன்று இடம் பார்க்கும் திட்டம் ஒன்றாகச் சுருங்கியது.

அந்த ஒன்று ஷில்லர்பார்க் குடியிருப்பு. நான் தங்கும் அறைக்கு நடக்கும் தூரம். வெடிங் ஒரு காலத்தில் தொழிலாளர்களை அடைத்து வைத்த பகுதி. 1853இன் பெர்லின் கட்டட விதிப்படி ஒரு முற்றம் 5.34 மீட்டருக்கு 5.34 மீட்டர் இருந்தால் போதும். தீயணைப்புக்காரர்கள் தங்கள் கருவியைத் திருப்ப வேண்டிய இடத்தை வைத்துப் போட்ட கணக்கு அது. உள்ளே குடியிருப்பவருக்கு வெளிச்சம் எவ்வளவு வேண்டும் என்று யாரும் கணக்குப் போடவில்லை. இதே வெடிங்கில் மையர்ஸ் ஹோஃப் என்ற கட்டடத்தில் ஒன்றன்பின் ஒன்றாக ஆறு முற்றங்கள் இருந்தன. 1972இல் அதை வெடி வைத்துத் தகர்த்தார்கள். என் அறையின் ஜன்னலும் ஒரு பின்முற்றத்தைத்தான் பார்க்கிறது. மாலை ஐந்துக்கே விளக்குப் போட வேண்டியிருந்தது.

அங்கிருந்து நடந்து ஷில்லர்பார்க் போனால், முற்றத்துக்குள் வானம் முழுசாகத் தெரிகிறது. சிவப்புச் செங்கல், தட்டைக் கூரை, கட்டடங்களின் மூலைகள் திறந்தபடி. ஹாலந்துக்குப் போய் அங்கே கட்டுவதைப் பார்த்துவிட்டு வந்த பிறகு தவுட் செய்தது என்பது செங்கல்லைப் பார்த்தாலே தெரியும். 1924இல் தொடங்கிய வேலை. கட்டச் சொன்னது 1892இல் உருவான ஒரு கூட்டுறவுச் சங்கம். இன்றைக்கும் அதே சங்கம்தான் உரிமையாளர். 1889இன் சட்டம் வரும் வரை சங்கம் கடனில் மூழ்கினால் உறுப்பினரின் சொந்தச் சொத்தும் போய்விடும். பொறுப்புக்கு ஓர் எல்லை வந்த பிறகுதான் கூலிக்காரர்கள் துணிந்து சேர்ந்தார்கள்.

நான் படம் எடுப்பதைப் பார்த்து, தள்ளுவண்டியைப் பிடித்தபடி நின்ற ஒரு மூதாட்டி, "யாரைத் தேடுகிறீர்கள்?" என்றார். கேட்ட விதத்தில் காவல்காரத்தனம் இருந்தது. சொன்னதும் மாறிவிட்டார். "வெளிச்சுவரைப் படம் எடுத்து என்ன செய்வீர்கள், உள்ளே வாருங்கள்." படிக்கட்டுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு வீடு. ஒவ்வொரு வீட்டுக்கும் தெருப் பக்கம் ஒரு ஜன்னல், முற்றத்துப் பக்கம் ஒரு ஜன்னல். இரண்டையும் திறந்தால் காற்று ஊடாகப் போகும். ஒரு தளத்துக்கு இரண்டே வீடு என்பதால் படிக்கட்டுச் செலவு கூடும். இன்றைய கட்டுமானக்காரர்கள் முதலில் வெட்டுவது இதைத்தான்.

அவர் திருமணமானதிலிருந்து இங்கே இருக்கிறாராம். சேரும்போது பங்கு வாங்க வேண்டும். விலகினால் போட்ட பணம் அப்படியே திரும்பும், லாபம் கிடையாது. எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஓட்டு ஒன்றுதான். வாடகையை ஒழுங்காகக் கட்டும் வரை யாரும் வெளியேறச் சொல்ல முடியாது. இதையெல்லாம் பெருமையாகச் சொன்னவர், அடுத்த மூச்சில் லிஃப்ட் இல்லாததைத் திட்டினார். யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கும் பாதுகாக்கப்பட்ட கட்டடம், நினைத்த இடத்தில் லிஃப்ட் வைக்க முடியாது. "யுனெஸ்கோ வந்து என் காய்கறிப் பையைத் தூக்குமா?" என்றார்.

இரவு ஒரு துருக்கிக் கடையில் பருப்பு சூப், 5 யூரோ. எலுமிச்சை பிழிந்து குடித்ததும் உடம்பு திரும்ப வந்தது. கேட்காமலே இரண்டாவது கூடை ரொட்டி வைத்துவிட்டுப் போனார் கடைக்காரர்.

அக்டோபர் 11, வெள்ளி. ப்ரிட்ஸ்

வெயில் இருந்தது, காற்றும் இருந்தது. பார்ஷிமர் அலேயில் இறங்கி ஃப்ரிட்ஸ் ராய்ட்டர் அலேயில் நடந்தால், லாடத்தின் இரண்டு முனைகளுக்கு நடுவே படிகள் கீழே இறங்குகின்றன. கீழே ஒரு குட்டை. அதைச் சுற்றி சுமார் 350 மீட்டர் நீளத்துக்கு மூன்று மாடிக் கட்டடம் வளைந்து போகிறது. வெள்ளைச் சுவர், நீல நிறத்தில் சுவருக்குள் உள்வாங்கிய பால்கனிகள், ஓரங்களில் செங்கல்.

வான்படத்தில் பார்த்த லாடம் தரையில் நின்றால் எங்கிருந்தும் முழுதாகத் தெரிவதில்லை. தெரிவது குட்டை, சரிவு, புல், வேலி, வேலிக்குப் பின்னால் குடியிருப்பவர்களின் சின்னத் தோட்டங்கள், அப்புறம்தான் வீடு. அந்தக் குட்டை பனியூழிக் காலத்திலிருந்தே இருக்கிற பள்ளம். கட்டடம் வைக்க முடியாத இடத்தை நடுவில் விட்டு, அதைச் சுற்றி வீடுகளைத் திருப்பியிருக்கிறார் தவுட். இங்கே வடிவம் மண்ணிலிருந்து வந்திருக்கிறது. எங்கள் மனையில் குட்டையும் இல்லை, பள்ளமும் இல்லை. ஒரு பக்கம் தெரு, மறு பக்கம் லாரி நிறுத்துமிடம். இதைக் குழுவிடம் எப்படிச் சொல்வது என்று அந்தப் படியில் உட்கார்ந்தே யோசிக்க ஆரம்பித்தேன்.

பக்கத்துத் தெருக்களில் வரிசை வீடுகள். ஹியூசுங் என்ற இடத்தில் இரண்டு வரிசைகள் விலகி, நடுவில் சாய்சதுரமாக ஒரு பொதுவெளி வைத்து, மறுபடி கூடுகின்றன. கதவுகள் மஞ்சள், சிவப்பு, பச்சை என்று மாறிக்கொண்டே இருப்பதால் ஒன்றுபோல ஒன்று இருப்பது கண்ணில் படுவதில்லை. சுமார் 2000 வீடுகள், ஆனால் அடிப்படை பிளான் நான்கே வகை. வேறுபாட்டுக்குத் தவுட் செலவழித்தது பெயிண்ட்டுக்கு மட்டும்தான். சிற்ப வேலைப்பாடு செய்யக் காசு இல்லாத இடத்தில் நிறம்தான் மலிவு என்பதை அவர் 1920களுக்கு முன்பிருந்தே சொல்லிவந்தார். இன்றைய வடிவமைப்பாளர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்: நாற்பது வீட்டுக்கு இருபத்தைந்து பிளான் வரைந்துவிட்டு, வெளியே எல்லாவற்றுக்கும் ஒரே சாம்பல் அடிக்கிறோம்.

பணம் எங்கிருந்து வந்தது என்பதைப் பாடநூல்கள் ஒரு வரியில் முடித்துவிடும். 1923இன் பணவீக்கத்தில் பழைய வீட்டுக்காரர்களின் அடமானக் கடன் எல்லாம் காற்றில் கரைந்துபோனது. உட்கார்ந்த இடத்தில் லாபம். 1924இல் அரசு அவர்கள் மேல் ஒரு வீட்டு வரி போட்டு, அந்தப் பணத்தைப் புது வீடுகளுக்கு மலிவுக் கடனாகக் கொடுத்தது. அதே ஆண்டில் தொழிற்சங்கங்கள் சேர்ந்து கெஹாக் என்ற வீட்டு நிறுவனத்தைத் தொடங்கின. அதுதான் இந்தக் குடியிருப்பைக் கட்டியது. அப்படியும் கடைநிலைக் கூலிக்கு இந்த வாடகை எட்டவில்லை. வந்து சேர்ந்தவர்கள் குமாஸ்தாக்களும் தேர்ந்த தொழிலாளிகளும்தான்.

ஒரு வீட்டு வாசலில் ஒருவர் கதவுக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தார். கையில் மடித்த ஒரு தாள், அதில் நிற எண்கள். நான் நின்றதும் அவரே ஆரம்பித்துவிட்டார். கெஹாக்கில் தன்னிடம் இருந்த பங்கை 1990களின் கடைசியில் நகரம் தனியாருக்கு விற்றது. அதற்குப் பிறகு வரிசை வீடுகள் தனித்தனியாக விலைக்கு வந்தன. வாங்கியவர்களில் சிலர் தங்களுக்குப் பிடித்த ஜன்னலை வைத்தார்கள், சிலர் பிடித்த நிறத்தை அடித்தார்கள். இப்போது பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்புத் துறை ஒவ்வொருவருக்கும் 'உன் கதவு இந்த நிறம்' என்று எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. "சொந்த வீடு என்று வாங்கினேன், கதவின் நிறம் எனக்குச் சொந்தமில்லை" என்று சலித்துக்கொண்டார். ஆனாலும் விளிம்பில் பிசிறில்லாமல், அரை மில்லிமீட்டர் நகராமல் பூசிக்கொண்டிருந்தார்.

தெருவுக்கு எதிர்ப்பக்கம் அதே காலத்தில் வேறொரு நிறுவனம் கட்டிய வீடுகள், ஓட்டுச் சாய்கூரையோடு. அவற்றைப் பார்த்தபடி தவுட் அடர் சிவப்பில் ஒரு நீண்ட வரிசையை நிறுத்தியிருக்கிறார், படிக்கட்டுகள் கோபுரம் மாதிரித் துருத்திக்கொண்டு நிற்க. முறைப்பாகத்தான் இருக்கிறது.

குடியிருப்பின் தகவல் நிலையத்தில் காபியும் ஆப்பிள் கேக்கும், இரண்டும் சேர்த்து ஐந்தரை யூரோ. பரிமாறிய அம்மாவிடம் கவிஞர் எரிக் மியூசாம் வீடு எது என்று கேட்டேன். நாஜிகள் 1933 பிப்ரவரியில் அவரைக் கைது செய்யும் வரை இந்தக் குடியிருப்பில்தான் இருந்தார். கையால் ஒரு வரைபடம் போட்டுக் கொடுத்தார். தவுட்டும் அதே ஆண்டு ஜெர்மனியை விட்டுப் போனார். முதலில் ஜப்பான், பிறகு துருக்கி. 1938இல் இஸ்தான்புல்லில் இறந்தார்.

சாயங்காலம் அடுத்த நிறுத்தமான பிளாஷ்கோ அலேயில் இறங்கினேன். அங்கே ஸ்ரீ மயூரபதி முருகன் கோயில் இருக்கிறது, ஈழத் தமிழர்கள் கட்டியது. நவராத்திரி முடியும் நேரம், சரஸ்வதி பூசை, நல்ல கூட்டம். பிள்ளைகள் புத்தகங்களை அடுக்கி வைத்திருந்தார்கள். சுண்டலும் அவலும் காகிதத் தட்டில் கொடுத்த ஒரு அக்கா, "எங்கையிருந்து வாறீங்கள் பிள்ளை?" என்றார். வீடுகளைப் பார்க்க வந்தேன் என்று சொன்னேன். "அந்த லாடத்துக்குள்ளயோ? நானும் ஒருக்கா அங்க வீடு தேடினனான். கிடைக்கேல்லை." இரண்டாவது கரண்டி சுண்டலைப் போட்டுவிட்டு, "ஆரும் விட்டுட்டுப் போனாத்தானே" என்றார்.

அக்டோபர் 12, சனி. போன்ஸ்டார்ஃப்

மழை. போகும் வழியில் தண்டவாள வேலை என்று ரயிலை நிறுத்தி, மாற்றுப் பேருந்தில் ஏற்றினார்கள். பேருந்து எங்கே நிற்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. நனைந்தபடி இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவே கும்பலாக ஓடினோம். காலணிக்குள் தண்ணீர். மாதம் 49 யூரோ சீட்டில் ஓட்டப்பயிற்சியும் சேர்ந்துவிட்டது.

ஆனால் தவுட்டின் ஃபால்கன்பெர்க் குடியிருப்பை மழையில்தான் பார்க்க வேண்டும். வெயிலில் நிறம் எல்லாருக்கும் அழகு. சாம்பல் வானத்துக்குக் கீழே ஒரு கறுநீல வீடு, பக்கத்தில் காவி, அதற்கடுத்துச் செங்கல் சிவப்பு, கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட ஒரு சுவர்ப்பகுதி. நனைந்ததும் எல்லாமே இன்னும் அடர்ந்திருந்தன. பெர்லின்காரர்கள் வண்ணப்பெட்டி என்று செல்லப் பெயர் வைத்தது நியாயம்தான். 1913இல் தொடங்கினார்கள். சுமார் 1500 வீடுகளுக்குத் திட்டம். போர் வந்து வேலை நின்றபோது முடிந்திருந்தவை 128. தொடங்கியபோது தவுட்டுக்கு முப்பத்து மூன்று வயதுதான். இதைப் படித்துக்கொண்டே என் வயதைக் கணக்கிட்டுப் பார்ப்பதைத் தவிர்த்தேன்.

அக்காஸியன்ஹோஃப் என்ற முற்றத் தெருவில் நின்று பார்த்தால், வீடுகள் மிக எளிமையானவை என்பது புரிகிறது. கதவு, ஜன்னல், ஓட்டுக் கூரை. தவுட் அப்போது தட்டைக் கூரைக்கு வரவில்லை. நிறத்தை எடுத்துவிட்டால் சாதாரண ஊர்ப்புறத் தொழிலாளர் வரிசை. வீடுகளை ஒரே கோட்டில் வைக்காமல் அங்கங்கே கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே தள்ளியிருக்கிறார். அதனால் தெருவின் அகலம் நடக்க நடக்க மாறுகிறது. இதற்குக் கூடுதல் செலவு எதுவும் இல்லை. முதலில் இதைத்தான் என் நோட்டில் வரைந்தேன்.

தோட்டங்கள் லுட்விக் லெஸ்ஸர் வகுத்தவை. வீட்டுக்குப் பின்னால் காய்கறி போடும் அளவுக்கு நிலம், அதற்குப் பின்னால் ஆள் நடக்கும் ஒற்றைப் பாதை. பாதை குறுகலாக இருப்பதால் எதிரே வருபவருக்கு வணக்கம் சொல்லாமல் தாண்டவே முடியாது. கூட்டுறவு என்பதற்குப் பெரிய மன்றம் எல்லாம் கட்ட வேண்டாம், இந்தப் பாதையின் அகலத்தைச் சரியாக வைத்தால் போதும் என்று தோன்றியது. ஒரு வாயிலில் கூடை நிறைய ஆப்பிள், மேலே 'எடுத்துக்கொள்ளுங்கள்' என்று எழுதிய அட்டை, அட்டை நனையாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் உறை. இரண்டு எடுத்தேன். ஒன்று புளிப்பு, ஒன்று அதைவிடப் புளிப்பு.

இதுவும் ஷில்லர்பார்க் சங்கத்தின் கையில்தான் இருக்கிறது. 1990களில் பழைய பூச்சுகளைச் சுரண்டி, அடியில் இருந்த முதல் நிறத்தைக் கண்டுபிடித்துத் திரும்ப அடித்தார்கள். உரிமையாளர் ஒரே சங்கமாக இருந்ததால் தெரு முழுக்க ஒரே முடிவு. ப்ரிட்ஸில் கதவு கதவாகப் பேச வேண்டியிருப்பது இங்கே ஒரு தீர்மானத்தில் முடிந்திருக்கிறது. நேற்றுப் பார்த்ததும் இன்று பார்த்ததும் ஒரே கட்டடக் கலைஞருடையவை, ஒரே உலகப் பாரம்பரியப் பட்டியலில் 2008இல் ஒன்றாகச் சேர்ந்தவை. வித்தியாசம் பத்திரத்தில் இருக்கிறது. எங்கள் குழு மேசையில் வைத்த வான்படத்தில் பத்திரம் தெரியாது.

ரொம்பவும் புகழ்ந்துவிடக் கூடாது. பெர்லினின் பல கூட்டுறவுச் சங்கங்கள் புதிய உறுப்பினர் சேர்ப்பதையே நிறுத்தி வைத்திருக்கின்றன. உள்ளே இருப்பவருக்கு நிம்மதி, வெளியே நிற்பவருக்குச் சாத்திய கதவு. கோயில் அக்கா சொன்னதும் இதுதான். பழைய குடியிருப்புக்குப் பக்கத்திலேயே சங்கம் இந்த நூற்றாண்டில் புது வீடுகள் கட்டியிருப்பதைப் பார்த்தபோது கொஞ்சம் ஆறுதல். அவற்றுக்கும் நிறம் அடித்திருக்கிறார்கள், ஆனால் கொஞ்சம் பயந்து பயந்து.

அக்டோபர் 13, ஞாயிறு. ட்சேலன்டார்ஃப்

கடைகள் மூடிய ஞாயிறு. ஓங்கல் டாம்ஸ் ஹியூட்டே சுரங்க ரயில் நிலையத்தின் இரண்டு பக்கமும் கடைவீதி ஒட்டியிருக்கிறது. 1930ஐ ஒட்டிய யோசனை: வேலையிலிருந்து திரும்புபவர் ரயிலிலிருந்து இறங்கி, பால் வாங்கி, வீட்டுக்குப் போகலாம். எனக்கு ஒரு காபி கிடைத்தது, 3 யூரோ 40, தண்ணியாக.

இங்கே தவுட் பைன் மரங்களை வெட்டாமல் நடுவில் வீடுகளை நுழைத்திருக்கிறார். சூரியன் உதிக்கும் பக்கச் சுவர்கள் பச்சை, மறையும் பக்கச் சுவர்கள் செம்பழுப்பு. காலை ஒளியின் குளிர்ச்சிக்கு ஒன்று, மாலையின் சூட்டுக்கு ஒன்று. தெருவில் ஒரு திசையில் நடந்துவிட்டுத் திரும்பி நடந்தால் வேறு ஊருக்கு வந்தது போல இருக்கிறது.

ஆம் ஃபிஷ்டால் தெருவில் ஒரு வேடிக்கை. 1928இல் தவுட்டின் தட்டைக் கூரைகளுக்கு எதிராக, இன்னொரு நிறுவனம் ஹைன்ரிஷ் டெஸ்ஸனோவின் தலைமையில் பல கட்டடக் கலைஞர்களை வைத்துச் செங்குத்தான ஓட்டுக் கூரை வீடுகளை எதிரே நிறுத்தியது. பத்திரிகைகள் இதைக் கூரைப் போர் என்றன. தட்டைக் கூரை என்றால் இடதுசாரி, சாய்கூரை என்றால் தேசபக்தி. இன்றைக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கார்கள், ஒரே மாதிரி நாய்கள். நாயோடு வந்த ஒருவரிடம் எந்தப் பக்கம் நல்ல வீடு என்று கேட்டேன். "ஒழுகாத பக்கம்" என்றார்.

மதியம் சீமன்ஸ்டாட். கால் வலி. ஹான்ஸ் ஷாரூன் தான் வடிவமைத்த இந்தக் குடியிருப்பிலேயே பல ஆண்டுகள் குடியிருந்தார் என்பது ஒன்றுதான் மனதில் நின்றது. வரைந்தவரே அங்கே குடியிருந்தால் குழாய் கசிந்தாலும் பக்கத்து வீட்டுக்காரர்கள் யாரைத் தேடிப் போவார்கள் என்று கற்பனை செய்து பார்த்தேன். இரவு டோனர், ஏழு யூரோ, கை நிறைய.

அக்டோபர் 14, திங்கள். ஷ்ப்ரே கரை

காலையில் கார்ல் லெகீன் குடியிருப்பு, அவசரமாக. எரிக் வைனர்ட் தெருவில் யு வடிவ முற்றங்கள் தெருவைப் பார்த்துத் திறந்திருக்கின்றன, மூலைகளில் வளைந்த பால்கனிகள். நகரத்துக்குள் நிலம் விலை அதிகம் என்பதால் நான்கைந்து மாடிக்கு ஏற்றியிருக்கிறார்கள். எங்கள் ஒடுக்கமான மனைக்கு லாடத்தைவிட இதுதான் உறவு. குறுக்குவெட்டுப் படம் போட்டுப் பார்க்க வேண்டும்.

அப்புறம் ஷ்ப்ரேஃபெல்ட். தவுட்டுக்கும் இதற்கும் தொண்ணூறு ஆண்டு இடைவெளி. ஆற்றங்கரையில் மூன்று கட்டடங்கள், கூட்டுறவு. கரைக்கு வேலி போடவில்லை, யாரும் போய் உட்காரலாம். போய் உட்கார்ந்தேன். சில வீடுகளில் பல சின்னக் குடித்தனங்கள் ஒரு பெரிய சமையலறையைப் பகிர்ந்துகொள்கின்றன. தரைத்தளத்தில் எதற்கு என்று முடிவு செய்யாமல் விட்ட அறைகள் உண்டு. பின்னால் உறுப்பினர்களே தீர்மானித்துக்கொள்ளட்டும் என்று.

சைக்கிள் பழுது பார்த்துக்கொண்டிருந்த ஒருவரிடம், இங்கே எதற்கு அதிகம் சண்டை வரும் என்று கேட்டேன். ஒலியா, பணமா? "பாத்திரம். யார் கழுவுவது." அதோடு நிறுத்தவில்லை. அந்த முடிவு செய்யாத அறைகளை எதற்குப் பயன்படுத்துவது என்ற விவாதம் ஒவ்வொரு கூட்டத்திலும் வருகிறதாம். அவருக்கு அதில் அலுப்பு இல்லை. "வீட்டைக் கட்டி முடித்துவிட்டால் பேச எதுவும் இருக்காதே" என்று சங்கிலிக்கு எண்ணெய் விட்டார்.

திரும்பும் ரயிலில் இடம் கிடைத்தது. குழுவுக்கு ஒரு குறிப்பு எழுதினேன். லாடம் வேண்டாம். முற்றம் தெருவைப் பார்த்துத் திறக்கட்டும். பிளான் மூன்று வகைக்கு மேல் போகக் கூடாது. படிக்கட்டுக்கு இரண்டு வீடு, லிஃப்ட் கட்டாயம், அதற்குப் பணம் போதவில்லை என்றால் நிலவறையையே விட்டுவிடலாம். துவைக்கும் அறை நிலவறையில் அல்ல, வாசலுக்குப் பக்கத்தில் ஜன்னலோடு. பின்பாதை இரண்டு பேர் உரசாமல் தாண்ட முடியாத அகலத்தில். வீட்டைத் தனித்தனியாக விற்க முடியாதபடி சங்க விதியில் ஒரு பிரிவு. இது எங்கள் வேலை இல்லைதான், ஆனாலும் வக்கீலிடம் பேசச் சொல்லி எழுதினேன்.

ரயில் பெர்லினின் புறநகரைத் தாண்டும் முன்பே குழுத் தலைவியின் பதில் வந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் சம்மதம், பாதையின் அகலத்துக்கு மட்டும் தீயணைப்புத் துறையைக் கேட்க வேண்டும் என்று. கடைசியில் ஒரு கேள்வி: நிறத்தை யார் முடிவு செய்வது? பொதுக்குழு புதன்கிழமை கூடுகிறது. நீலத்துக்கு ஒரு கட்சி, மஞ்சளுக்கு ஒரு கட்சி ஏற்கனவே சேர்ந்துவிட்டதாம்.